ரெண்டு தட்டினால் கிளம்பணும்

அந்த வகுப்பில் ஒரு வார்த்தைக்குத் தடை இருந்தது. கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. நீங்களும் நானும் காலையில் பல் துலக்கி முடிப்பதற்குள் நாலு தடவை சொல்லிவிடுகிற வார்த்தைதான். 'சீக்கிரம்.'

பார்க்கின்சன் நோய் வந்தவர்களுக்கான உடற்பயிற்சி வகுப்பு அது. வாரத்தில் இரண்டு நாள், காலை பத்தரை மணிக்கு, நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற பொதுக்கூடத்தில் நடக்கும். சுவரோரமாகப் பதினாலு நாற்காலிகள். தரையில் பச்சை நிற டேப், ஓர் எட்டு எடுத்துவைக்கிற தூரத்துக்கு ஒன்றாகக் குறுக்கே ஒட்டியிருக்கும். இந்த நோய் வந்தால் கை நடுங்கும் என்று ஊருக்கெல்லாம் தெரியும். கால் ஒட்டிக்கொள்ளும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நன்றாக நடந்து வந்துகொண்டிருக்கிற மனிதர் கதவுப் பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிடுவார். மனசு போ போ என்னும், பாதம் தரையை விடாது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர், பாசமாகவே சொல்லட்டும், "சீக்கிரம் வாங்க" என்றால் தீர்ந்தது கதை. இருக்கிற கொஞ்சநஞ்ச அசைவும் போய்விடும். மேல் உடம்பு மட்டும் முன்னால் கிளம்பும், கால் வராது, ஆள் விழுவார்.

தடை போட்டவள் டீச்சர். இதில் வேடிக்கை என்னவென்றால், முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்த அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயரே 'சீக்கிரம் டீச்சர்'. வாயில் விசில் இல்லாத நேரமெல்லாம் அந்த வார்த்தைதான் இருக்கும். ஓய்வு பெற்று, இந்தப் பயிற்சி கொடுப்பதற்கென்று தனியாக ஒரு படிப்புப் படித்து, அதை நாக்கிலிருந்து பிடுங்கி எறிய அவளுக்கு ஒரு வருஷம் ஆனது. அதற்குப் பதிலாக இப்போது 'பெருசா' என்று சொல்வாள். "கையப் பெருசா வீசுங்க. காலப் பெருசா வைங்க. வக்கீல் சார், குரல் பெருசா வரட்டும், ஜட்ஜுக்குக் கேக்கல!"

"முப்பது வருஷம் கத்துனேன், ஒரு ஜட்ஜும் கேக்கலம்மா" என்பார் வக்கீல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரலில். கூடம் சிரிக்கும். சிரித்தாலும் பாதிப் பேர் முகத்தில் அது தெரியாது. இந்த நோய் முகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

அவளோடு சேர்ந்து வகுப்பு எடுத்தவர் பக்கெட்காரர். ஒரு காலத்தில் கல்யாண பேண்டில் டிரம்ஸ் வாசித்தவர். டிரம்ஸை விற்றாயிற்று, கை மட்டும் சும்மா இருக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டை இரண்டு குச்சியால் தட்டித் தாளம் கொடுப்பார். தாளம் கேட்டால் ஒட்டின கால் விடும். ஏன் விடுகிறது என்று டாக்டரைக் கேட்டால் அரை மணி நேரம் சொல்வார். பக்கெட்காரரைக் கேட்டால், "நல்ல அடி, அதான்" என்பார்.

டீச்சர் இந்த வேலைக்கு வந்ததே அண்ணனால்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இந்த நோய் வந்தது. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். ஒரே மகன், மருமகள், முதல் மாடி வீடு. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்.

ஒரு நாள் வகுப்பில் மூன்றாவது பச்சைக் கோட்டில் அண்ணன் ஒட்டிக்கொண்டார். எண்ணிப் பார்த்தாள், ஆகவில்லை. குறுக்கே தன் காலை வைத்து, "தாண்டுங்க அண்ணே" என்று பார்த்தாள், அதுவும் ஆகவில்லை. பக்கெட்காரர் குச்சி நழுவி பக்கெட்டில் டக் டக் என்று இரண்டு முறை விழுந்தது. அண்ணன் விடுவிடுவென்று நடந்து அந்தப் பக்கச் சுவருக்கே போய்விட்டார்.

"என்னண்ணே இது மாயம்?"

"ரெண்டு மணி அடிச்சா கிளம்பணும்ல" என்றார் அண்ணன். "கண்டக்டர் ரெண்டு அடிச்சப்புறம் நின்னா, பின்னாடி இருக்கவன் சும்மா விடுவானா?"

அன்றைக்குக் கூடத்தில் ஒரே சிரிப்பு. பக்கெட்காரருக்கு வாய் மட்டுமல்ல, கையும் சும்மா இருக்காது. விளையாட்டுக்கு ஒரே ஒரு தட்டுத் தட்டினார். நடந்துகொண்டிருந்த அண்ணன் வெட்டினாற்போல நின்று முன்னால் சாய, டீச்சர் ஓடிப்போய்ப் பிடித்தாள். பிறகு பக்கெட்காரருக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது.

"ஒண்ணு அடிச்சா நிக்கணும்" என்றார் அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டு. "அவர் மேல தப்பில்ல பாப்பா. அவர் சரியாத்தான் அடிச்சாரு."

அறுபத்து மூன்று வயசிலும் அவருக்கு அவள் பாப்பாதான். அன்றிலிருந்து வகுப்பில் தடை இரண்டானது. அந்த வார்த்தை, அப்புறம் ஒற்றைத் தட்டு.

நாலு மாதத்தில் அண்ணன் வீட்டில் மூன்று முறை விழுந்தார். மூன்றாவது முறை குளியலறையில் விழுந்து, சாயங்காலம் மருமகள் வந்து கதவைத் திறக்கும் வரை ஈரத்திலேயே கிடந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் டீச்சரைத் தேடி வந்தான்.

"அத்தை, கோவப்படாதீங்க. ஒரு இல்லம் பாத்திருக்கேன்."

கோபம் வரத்தான் செய்தது. யார் மேல் படுவது? அவள் இருப்பதோ மூன்று மாடிக்கு மேல் ஒற்றை அறை, லிஃப்ட் கிடையாது. அண்ணனை அங்கே ஏற்றவும் முடியாது, ஏற்றினால் இறக்கவும் முடியாது. வேலையை விட்டுவிட்டு உட்கார் என்று மருமகளிடம் சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது? அவன் கண்ணைப் பார்த்தாள். அழுதிருக்கிறான் என்று தெரிந்தது. பேசாமல் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

இல்லத்தில் இரண்டு கட்டடங்கள். முன் கட்டடம் தானாக நடக்கிறவர்களுக்கு. தனி அறை, தோட்டத்துக்குத் திறக்கிற கதவு. வெளியே போகலாம், வரலாம், வகுப்புக்கும் வண்டி வைத்துக் கூட்டிப்போகலாம். பின் கட்டடம் நடக்க முடியாதவர்களுக்கு. கம்பி வைத்த கட்டில், பெல்ட் வைத்த நாற்காலி. டீச்சருடைய வகுப்பிலிருந்து இதுவரை நாலு பேர் அந்தப் பின் கட்டடத்துக்குப் போயிருந்தார்கள். போய்ப் பார்த்தபோதெல்லாம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட வகுப்புக்குத் திரும்பவில்லை.

முன் கட்டடத்தில் ஒரே ஒரு அறை காலியாக இருந்தது. அது வேண்டுமென்றால் தலைமை நர்ஸ் முன்னால் நடந்து காட்ட வேண்டும். நடைக்கூடத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து, கதவைத் தாண்டி, நர்ஸின் மேசை வரை போய், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார வேண்டும். யாரும் தொடக் கூடாது, பேசவும் கூடாது.

"தட்டலாமா?" என்று கேட்டாள் டீச்சர்.

"எதை?"

"நாற்காலிய. ரெண்டே தட்டு."

தலைமை நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தட்டிக்கோங்க" என்றார்.

டீச்சர் விடுவாளா? அந்த நடைக்கூடத்தை நடந்தே அளந்தாள். நாற்காலியிலிருந்து கதவுக்கு ஆறு எட்டு, கதவிலிருந்து மேசைக்கு எட்டு எட்டு, வாசலில் ஒரு அலுமினியப் பட்டை. அப்படியே பொதுக்கூடத்துத் தரையில் டேப்பால் வரைந்தாள். கதவுக்குப் பதில் இரண்டு நாற்காலி, பட்டைக்குப் பதில் ஓர் அடிக்கோல். மூன்று வாரம், வகுப்பு இல்லாத நாளிலும் அண்ணனைக் கூட்டிவந்தாள். திரும்பும்போது நின்ற இடத்தில் சுற்றினால் கால் பின்னும் என்பதால், "பஸ்ஸத் திருப்புற மாதிரி அகலமாத் திருப்புங்க அண்ணே" என்றாள். அதை மட்டும் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வாரம் பத்துக்கு ஒன்பது முறை தடங்கல் இல்லாமல் நடந்தார்.

"டீச்சர், பாஸ்தான், எழுதி வெச்சுக்கோங்க" என்றார் பக்கெட்காரர்.

"வாய வெக்காதய்யா" என்றாள். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணன் அறைக்கு ஒரு நல்ல திரைச்சீலை வாங்கிக்கொண்டுதான் போனாள்.

பரீட்சை காலை பத்து மணிக்கு. மாத்திரை உள்ளே போய் முக்கால் மணி நேரத்தில் கால் இளகும், விழுங்கியதிலிருந்து இரண்டரை மணி நேரம் தாங்கும், பிறகு பிடித்துக்கொள்ளும். அந்தக் கணக்குப் பார்த்து ஒன்பது மணிக்கு மாத்திரை கொடுத்தாள். பத்து மணிக்கு அண்ணன் இல்லத்தின் நடைக்கூடத்தில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, தலை வாரி, மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். காலும் கையும் லேசாக இருந்தன. அந்த நிமிஷம் கூப்பிட்டிருந்தால் அவர் அந்த நடைக்கூடத்தில் பத்து முறை போய் வந்திருப்பார்.

கூப்பிடவில்லை. உள்ளே யாருக்கோ உடம்பு முடியவில்லை, தலைமை நர்ஸ் அங்கே போயிருந்தார். பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. டீச்சர் கடிகாரத்தையும் அண்ணன் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினொன்றரைக்கு அவர் இடது கட்டை விரல் நடுங்கத் தொடங்கியது. அடுத்த மாத்திரையை இப்போதே கொடுத்தாலும் அது வேலை செய்ய முக்கால் மணி ஆகும்.

பதினொன்று ஐம்பதுக்குத் தலைமை நர்ஸ் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "மன்னிச்சுக்கோங்கம்மா, ரொம்பக் காக்க வெச்சுட்டேன்."

"மேடம், மாத்திரை வேகம் இறங்கிருச்சு. இன்னொரு நாள் வெச்சுக்கலாமா? இல்ல, ஒரு மணிக்கு?"

"ஒரு மணிக்கு நான் இங்க இருக்க மாட்டேம்மா. அந்த அறைக்கு இன்னும் ரெண்டு பேர் நாளைக்கு வர்றாங்க. நடந்தா இப்ப நடக்கட்டும். இப்படிச் சொல்ல எனக்கு மட்டும் ஆசையா?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார். "நடக்கறேன் பாப்பா."

நர்ஸ் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். அந்தக் கதவு தானாக மூடிக்கொள்கிற கதவு, தலையில் ஸ்பிரிங் வைத்தது. ஆயா ஒருத்தி அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் மூக்கைக் கால் விரலுக்கு நேரே கொண்டுவந்து, முன்னால் சாய்ந்து, சொல்லிக்கொடுத்தபடி எழுந்தார். டீச்சர் நாற்காலிக் கையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

கிளம்பினார். அடி சின்னதாகத்தான் விழுந்தது, ஆனால் விழுந்தது. ஒன்று, இரண்டு, ஆறு. பட்டையைத் தாண்டினார். மேசை வரை போனார். அகலமாக, ஒரு பஸ் நீளத்துக்கு வளைத்து, திரும்பினார். நர்ஸ் புருவத்தைத் தூக்கித் தலையாட்டியதை டீச்சர் பார்த்தாள். திரும்பி எட்டு எட்டு வந்தார். இன்னும் கதவு, ஆறு எட்டு, நாற்காலி. அவ்வளவுதான் மிச்சம். அவள் அந்தத் திரைச்சீலையை மனசுக்குள் மாட்டியே விட்டாள்.

அலுமினியப் பட்டையில் பாதம் ஒட்டியது.

குதிகால் தூக்கி நின்றது. முட்டி இரண்டும் படபடவென்று ஆடின. பரவாயில்லை, இது எத்தனையோ முறை பார்த்ததுதான். இரண்டு தட்டு போதும். அவள் கையைத் தூக்கினாள். அதே நேரம் நர்ஸின் மேசையில் போன் அடித்தது. நர்ஸ் எழுதிக்கொண்டே, "அத எடும்மா" என்றார். ஆயா கதவை விட்டுவிட்டுப் போனை எடுக்கப் போனாள். கதவு அண்ணனைப் பார்த்து வரத் தொடங்கியது.

மெதுவாகத்தான் வந்தது. இப்போது நினைத்தால் அதுதான் தாங்க முடியவில்லை. நாலு எட்டில் ஓடிப்போய்க் கதவைப் பிடித்திருக்கலாம். இரண்டு தட்டுத் தட்டியிருக்கலாம். சும்மா இருந்திருந்தால்கூடக் கதவு தோளில் பட்டு நின்றிருக்கும். ஆனால் முப்பத்தொரு வருஷம் பழகிய நாக்கு கையை முந்திக்கொண்டது.

"அண்ணே, சீக்கிரம்!"

மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கிற குரல். அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். படபடத்துக்கொண்டிருந்த முட்டிகள் நின்றுபோயின. மேல் உடம்பு அவளை நோக்கிப் புறப்பட்டது, கால் புறப்படவில்லை. அவள் பாய்ந்து சட்டையைப் பிடித்தாள். ஒரு பித்தான்தான் கையில் வந்தது.

உதடு கிழிந்து, வலது மணிக்கட்டு விரிசல் விட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுத் திரும்பி வருவதற்குள் காகிதமெல்லாம் தயாராகியிருந்தது. பின் கட்டடம், ஏழாவது கட்டில். சாயங்காலம் மகன் வந்து கையெழுத்துப் போட்டான்.

"கதவு மூடிக்கிச்சாமே அத்தை. அந்த ஆயாவுக்கு அறிவு வேண்டாம்?"

"ம்" என்றாள் டீச்சர்.

அந்த 'ம்'மை அவள் இன்னும் விழுங்கவில்லை. ஆயாவை அன்றைக்கு எல்லோரும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்தப் பெண் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். டீச்சர் கத்தியது அங்கே எல்லோருக்கும் கேட்டிருந்தது, அந்த வார்த்தை என்ன செய்யும் என்றுதான் யாருக்கும் தெரியாது. டீச்சர் அவள் பக்கத்திலேயே நின்றாள், ஒரு சொல் சொல்லவில்லை. பேசக் கூடாத இடத்தில் பேசிய வாய், பேச வேண்டிய இடத்தில் பூட்டிக்கொண்டது.

வகுப்பு மட்டும் நிற்கவில்லை. அடுத்த வாரம் புதிதாக ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்குத்தான் நோய். மனைவி வாசலிலேயே, "சீக்கிரம் வாங்களேன், எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். கூடம் முழுக்க டீச்சரைத் திரும்பிப் பார்த்தது. டீச்சர் தரையில் உரிந்துகொண்டிருந்த டேப்பைக் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் பக்கெட்காரர்தான் எழுந்து போய், "அம்மா, இங்க அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்மா" என்றார்.

வகுப்பு முடிந்ததும் அவளிடம் வந்தார். "என்ன டீச்சர்? உடம்பு சரியில்லையா?"

சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். அவர் குச்சிகளைத் துணிப்பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவருக்குப் பொய் சொல்ல வராது.

"என்ன வார்த்தைன்னு அவருக்குப் புரிஞ்சிருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

அது தெரியாமல்தான் அவளுக்குத் தூக்கம் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை பின் கட்டடத்துக்குப் போனாள். அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார், இடுப்பில் பெல்ட், மடியில் போர்வை. தினமும் வந்து நடக்கவைக்கிறேன் என்று முதல் நாளே கேட்டுப் பார்த்துவிட்டாள். "விழுந்தா யாரும்மா பதில் சொல்றது?" என்றார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. அவளைவிட நன்றாக அவரை விழவைத்தவர்கள் அங்கே யாரும் இல்லை.

"அண்ணே" என்றாள். "அன்னைக்கு, கதவுகிட்ட, நான் ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

அண்ணன் பதில் சொல்ல இப்போதெல்லாம் நேரம் எடுக்கும். காத்திருந்தாள். அவசரப்படுத்தக் கூடாது, அது அவளுக்குத் தெரியும்.

"உன் ஸ்கூல் பிள்ளைங்க" என்றார். நிறுத்தினார். எச்சில் விழுங்கினார். "பாவம். எப்படித்தான் ஓடுச்சுங்களோ."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி என்றால் உதடு கொஞ்சம் கோணும், அந்தக் காலத்து அண்ணனாக இருந்தால். கோபம் என்றால் மூக்கு விடைக்கும். இந்த முகத்தில் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்தது போல இருந்தது. மன்னித்துவிட்டுச் சொன்னாரா, மன்னிக்க மாட்டேன் என்று சொன்னாரா, இனி எந்த ஜென்மத்தில் தெரிந்துகொள்வது? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே, எல்லோரும் பார்க்க, ஓவென்று அழுதாள். அவர் கட்டுப் போட்ட கை அவளை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்து, பாதியில் நின்றது.

அதற்குப் பிறகும் செவ்வாய் தவறாமல் போய்க்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் பேச்சு குறைந்தது. கூப்பிட்டால் திரும்ப நேரமானது. ஒரு செவ்வாய் அவள் போனபோது அவரைக் கட்டிலிலேயே வைத்திருந்தார்கள். கம்பிகள் தூக்கியிருந்தன. கூப்பிட்டாள். வகுப்புக் கதையெல்லாம் சொன்னாள். வக்கீலும் இப்போது வருவதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டாள். கண் கூரையிலேயே இருந்தது.

என்ன நினைத்தாளோ, கட்டில் கம்பியில் விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

போர்வைக்குள் வலது பாதம் அசைந்தது. பிறகு இடது. வலது, இடது, வலது. ஒழுங்காக, பெருசாக, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே. குதிகால் மெத்தையில் பதிந்து எழுந்தது. கை வீசத் தெரிந்த தோள் வீசப் பார்த்தது. அண்ணன் கிளம்பிவிட்டார். முகத்தில் எதுவும் மாறவில்லை, கண் மட்டும் அவள் பக்கம் வந்தது. போர்வை சரிந்தது. கால் கம்பியில் மோதியது, விலகியது, மறுபடி மோதியது. கணுக்காலில் தோல் உரிந்து சிவந்தது.

"அண்ணே, போதும். போதும் அண்ணே."

நிற்கவில்லை. ரெண்டு மணி அடித்தாயிற்று. அவர் போய்க்கொண்டிருந்தார். அவள் இரண்டு கையாலும் காலைப் பிடித்துப் பார்த்தாள். அவள் கைக்குள்ளும் அது நடந்தது. வாசலில் ஆயா வந்து எட்டிப் பார்த்தாள், அதே ஆயா.

டீச்சர் ஒரு கையை எடுத்தாள். கம்பியில் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள்.

கால் நின்றது.